கடுகைக்கூட பொறுக்கி எடுத்த ரமணர்... சமையலறையில் நடந்த தியானம்!

சாப்பிடும்போது ரீல்ஸ், நடக்கும்போது இயர்போன். தட்டு காலியான பிறகுதான் என்ன சாப்பிட்டோம்னே யோசிக்கிறோம். 'மைண்ட்ஃபுல்னெஸ்' ஆப் ஒண்ணு டவுன்லோடு பண்ணி, அதோட நோட்டிஃபிகேஷனையும் தள்ளிவிட்டுட்டுப் போற ஆளா நீங்க? அப்போ ரமண மகரிஷியோட கதை உங்களுக்குத்தான்.

அவர் பேரைச் சொன்னதும் கோவணத்தோட, சாந்தமா பார்க்கிற அந்த ஃபோட்டோ ஞாபகத்துக்கு வரும். ஆனா, அந்த மனுஷன் கத்தியும் கையுமா காய் நறுக்கின கதை பலருக்கும் தெரியாது.

1879-ல் திருச்சுழியில் பிறந்தவர். அப்போ பேரு வேங்கடராமன். 16 வயசுல, மதுரையில் சித்தப்பா வீட்டில் இருந்தப்போ திடீர்னு சாவு பயம் பிடிச்சுக்கிச்சு. யாரையும் கூப்பிடலை. பிணம்போல விறைப்பா படுத்துக்கிட்டு, உடம்பு செத்தா 'நான்'ங்கிறது என்ன ஆகும்னு உள்ளுக்குள்ளேயே பார்த்தார். சில வாரங்கள்ல, அண்ணனோட காலேஜ் ஃபீஸுக்குக் கொடுத்த 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கிட்டு, மீதியை ஒரு கடிதத்தோட வெச்சுட்டுக் கிளம்பிட்டார். 1896 செப்டம்பர் 1-ல் திருவண்ணாமலை வந்து சேர்ந்தவர், கடைசிவரை அந்த ஊரைவிட்டுப் போகவே இல்லை.

ஆரம்பத்துல பெரிய கோயிலின் பாதாள லிங்கக் குகையில் உட்கார்ந்திருந்தார். பூச்சிகள் கடிச்சுத் தொடையெல்லாம் புண்ணானதுகூட அவருக்குத் தெரியலை. மத்தவங்கதான் தூக்கிட்டு வெளியே வந்தாங்க. தியானம்னா இதுதான்னு நாம வாயைப் பிளப்போம். எனக்கு அதைவிட ஆச்சர்யம், அதுக்கப்புறம் அவர் மாறின விதம்தான்.

தன் உடம்பையே கவனிக்காத அதே ஆள், பிற்பாடு ரமணாசிரமத்துல விடியறதுக்கு முன்னாடியே எழுந்து சமையலறைக்குப் போவார். காய் நறுக்குவார், சட்னி அரைப்பார், உப்பு காரம் பார்ப்பார். பல வருஷம் இது நடந்துச்சு. தரையில ஒரு கடுகு கிடந்தாலும் எடுத்து, தூசி தட்டி, அதோட டப்பாவுலேயே போடுவார். காய்கறித் தோல் மாட்டுக்குப் போகணும். பரிமாறும்போது அவருக்கு மட்டும் ஏதாவது கூடுதலா விழுந்தா உடனே கண்டுபிடிச்சுடுவார். அதை ஏத்துக்கவும் மாட்டார்.

ஒருமுறை ஆசிரியர் ஒருத்தர், பலனை எதிர்பார்க்காம வேலை செய்யறது எப்படின்னு கேட்டார். ரமணர் பதில் சொல்லலை. மலைப்பக்கம் நடந்தவர், முள்ளு நிறைஞ்ச ஒரு குச்சியை எடுத்துக்கிட்டு உட்கார்ந்தார். முள்ளைச் சீவி, கணுவைச் செதுக்கி, சொரசொரப்பான இலையால தேய்ச்சுத் தேய்ச்சு வழவழப்பாக்கினார். கிட்டத்தட்ட ஆறு மணி நேரம்! கேள்வி கேட்டவர் பொறுமையா பார்த்துட்டு இருந்திருக்கார், பாவம். வேலை முடிஞ்ச நேரத்துல, கோலைத் தொலைச்சுட்டு வாடிப்போன முகத்தோட ஒரு ஆடு மேய்க்கிற பையன் அந்தப் பக்கமா வந்தான். அவன் கையில் அதைக் கொடுத்துட்டு ரமணர் பாட்டுக்கு நடந்துட்டார்.

வீட்டை, வேலையை விட்டுட்டு வர்றேன்னு சொன்ன பலரை அவர் திருப்பி அனுப்பியிருக்கார். அவர் காட்டின வழிக்கு மலையும் குகையும் தேவையில்லை. ஒரு எண்ணம் வந்தா அது பின்னாடியே ஓடாம, இது யாருக்கு வருதுன்னு கேட்டுப் பார்க்கணும். அவ்வளவுதான். ஆபீஸ்ல மேனேஜர் மெயில் வந்து கொதிக்கிற நேரத்துல இதை முயற்சி பண்ணிப் பாருங்க, ஈஸி இல்லை!

1949-ல் அவர் இடது கையில் புற்றுநோய்க் கட்டி. நாலு ஆபரேஷன் நடந்தது. அப்பவும் பார்க்க வர்றவங்களைத் தடுக்கக் கூடாதுன்னுட்டார். 1950 ஏப்ரல் 14, கடைசி நாள். உடம்பு பிடிச்சுவிட்ட உதவியாளருக்கு ஆங்கிலத்துல நன்றி சொன்னார். அவருக்கு அது புரியலைங்கிறதைக் கவனிச்சு, அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு தமிழ்ல நிதானமா விளக்கினார். அன்னிக்கு ராத்திரி அவர் மூச்சு நின்னுச்சு.