விசுவாசமும் விசாரணையும்: நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர்

சமயப்பற்று உள்ளவன் கேள்வி கேட்கலாகாது என்றும், கேள்வி கேட்பவனிடம் சமயப்பற்று நிலைக்காது என்றும் ஒரு கருத்து எம்மவர் மத்தியில் நீண்டகாலமாக நிலவி வருகின்றது. இக்கருத்தைத் தமது வாழ்வினாலேயே மறுத்துக் காட்டியவர் நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர். கத்தோலிக்கத் துறவியாகவும் மொழியாராய்ச்சியாளராகவும் வரலாற்றாசிரியராகவும் விளங்கிய அப்பெரியாரின் வாழ்வை இன்று மீள நினைவுகூர்வது பயனுடையது எனக் கருதுகின்றோம்.

1875 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 30 ஆம் திகதி மானிப்பாயில் சைவக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் வைத்திலிங்கம். இளமையிலேயே தந்தையை இழந்தார். தாயார் அச்சுவேலியைச் சேர்ந்த கத்தோலிக்கரான தம்பிமுத்துப்பிள்ளையை மறுமணம் செய்ததைத் தொடர்ந்து மகனும் கத்தோலிக்கத்தைத் தழுவினார். கல்வியில் சிறந்து விளங்கிய இளைஞருக்குப் புகையிரதத் திணைக்களத்தில் இலிகிதர் பதவி கிடைத்தது. அரசாங்க உத்தியோகமே வாழ்வின் சிகரம் என யாழ்ப்பாணம் கருதிய காலம் அது. அவரோ அப்பதவியைத் துறந்து 1895 இல் குருமடம் புகுந்தார். 1901 டிசம்பரில் அமலமரித் தியாகிகள் சபையின் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார்.

அதன்பின் நல்லூரே அவரது பணிக்களமாயிற்று. ஆறுமுக நாவலர் பிறந்த, சைவம் தழைத்த அம்மண்ணில் கத்தோலிக்க சமயத்தைப் போதிப்பது எளிதான காரியமன்று. எதிரே நின்ற சமயத்தை அறியாமல் அதனோடு உரையாட முடியாது என்பதை அவர் உணர்ந்தார். எனவே சைவசித்தாந்த நூல்களை ஆழ்ந்து கற்று, அவை பற்றி ஆங்கிலத்திலும் எழுதினார். அக்காலக் கண்டன இலக்கியத்தின் காரம் அவரது எழுத்திலும் உண்டு. சைவரும் புரட்டஸ்தாந்தரும் அதற்கு அதே காரத்துடன் விடையிறுத்தனர். ஆயினும் கற்றபின்பே கண்டிப்பது என்ற ஒழுக்கத்தை அவர் பேணினார் என்பதை மறுப்பதற்கில்லை.

மொழித்துறையில் அவரது உழைப்பு வியப்புக்குரியது. தமிழுடன் வடமொழி, பாளி, சிங்களம் மற்றும் ஐரோப்பிய மொழிகள் பலவற்றையும் பயின்ற அவர், தமிழ்ச் சொற்களின் வேர்களைத் தேடுவதில் பல்லாண்டுகளைச் செலவிட்டார். 1938 இலிருந்து பகுதி பகுதியாக வெளிவந்த சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதி அதன் பலனாகும். தமிழகத்தின் தேவநேயப் பாவாணர் அவரைத் தமக்கு முன்னோடியாகப் போற்றினார். அவர் கண்ட மூலவேர்கள் பலவற்றைப் பிற்கால மொழியியலாளர் ஏற்கவில்லை. ஆனால் ஒப்பிட்டு ஆராயும் நெறியைத் தமிழில் வேரூன்றச் செய்தவர்களுள் அவர் ஒருவர்.

எமது கவனத்துக்கு மிகவும் உரியது அவரது வரலாற்றுப் பணியே. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையை அக்காலத்தில் பலர் ஐயமற்ற வரலாறாகவே கொண்டிருந்தனர். சுவாமிகள் அதனைப் போர்த்துக்கேயர் குறிப்புகளோடும் கல்வெட்டு, நாணயச் சான்றுகளோடும் ஒப்புநோக்கினார். எது செவிவழிக் கதை, எது சான்றுடைய செய்தி எனப் பிரித்துக் காட்டினார். 1928 இல் வெளிவந்த யாழ்ப்பாண வைபவ விமர்சனம் அம்முயற்சியின் விளைவு. முதலியார் இராசநாயகத்துடன் முக்கியமான விடயங்களில் அவர் முரண்பட்டார். அம்முரண்பாடு சான்றுகளின் தளத்திலே நடைபெற்றமையால் யாழ்ப்பாண வரலாறு வளம்பெற்றது. 1947 ஜனவரி 22 ஆம் திகதி, அகராதிப் பணி முற்றுப்பெறும் முன்னரே அவர் மறைந்தார்.

ஒரு துறவிக்கு நாணயமும் சொல்வேரும் எதற்கு என்று கேட்கப்படலாம். விசுவாசமும் பகுத்தறிவும் ஒரே ஊற்றிலிருந்து பிறப்பவை. ஆதலால் உண்மையான விசாரணை இறைவனிடமிருந்து மனிதனை அகற்றாது என்பது கத்தோலிக்க மரபில் 13 ஆம் நூற்றாண்டின் புனித தோமஸ் அக்குவினாஸ் வகுத்த நெறியாகும். அந்த அக்குவினாஸ், இப்னு சீனா, இப்னு ருஷ்த் ஆகிய இஸ்லாமிய மெய்யியலாளரின் நூல்களைக் கற்று, அவர்களோடு உடன்பட்டும் முரண்பட்டுமே தமது மெய்யியலைக் கட்டியெழுப்பினார். அறிவு சமய எல்லைகளைக் கடந்து கைமாறும் செல்வம் என்பதற்கு இதனைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. இலங்கையிலும் 1882 இல் முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கிய சித்திலெப்பை, மார்க்கப்பற்றும் நவீன கல்வியும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதையே தமது சமூகத்துக்கு வலியுறுத்தினார்.

இன்று இதனை நாம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. பரந்தன் - முல்லைத்தீவு வீதியிலுள்ள தர்மபுரம் போன்ற வன்னிக் கிராமங்கள் 2009 போரில் இடம்பெயர்ந்து, பின்னர் மீளக்குடியமர்ந்தவை. 1990 ஒக்டோபரில் வடபுலத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள் ஒரு பகுதியினரும் தமது மண்ணுக்குத் திரும்பியுள்ளனர். இவர்களது பிள்ளைகள் வளரும் சூழலில் வரலாறு என்பது பாடப்புத்தகத்தோடு முடிந்துவிடும் விடயமன்று. குருந்தூர்மலையின் தொல்லெச்சங்கள் யாருக்குரியவை என்ற பிணக்கு நீதிமன்றம் வரை சென்றதை நாம் கண்டோம். ஒவ்வொரு தரப்பும் தனது பழங்கதையை மறுக்கவொண்ணாத உண்மையாக முன்வைக்கும்போது, அதனைச் சோதித்துப் பார்க்கும் பயிற்சி பெற்ற தலைமுறை எம்மிடம் உண்டா என்பதே கேள்வி.

தம் இனத்தார் போற்றிய நூலையே சான்று கேட்டு ஆராய்ந்தவர் ஞானப்பிரகாசர். அதனால் அவரது தமிழ்ப்பற்றோ இறைப்பற்றோ குறைந்துவிடவில்லை. பிறரது கதையைச் சோதிக்க விரும்புவோர் முதலில் தமது கதையைச் சோதிக்கும் துணிவு கொள்ள வேண்டும். எமது ஆலயங்களும் பள்ளிவாசல்களும் கோயில்களும் பரீட்சைக்கு மனனம் செய்யும் பிள்ளைகளை வாழ்த்தி அனுப்புவதோடு நின்றுவிடாது, அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இடமளிக்கவும் முன்வர வேண்டும். ஒவ்வொரு கிராமத்திலும் மூன்று சமயப் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து வாசிக்கும் நூலகமொன்று உருவாகுமானால், நல்லூர்ச் சுவாமிகளுக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலி அதுவாகவே இருக்கும்.