தேசபக்தன் நடேசய்யர்

என் பாட்டனார் 1936ஆம் ஆண்டில் அட்டன் தொகுதியில் வாக்களித்தவர். அக்காலத் தேர்தல்களில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறப் பெட்டி உண்டு. ஐயரின் பெட்டிக்கு என்ன நிறம் என்பதைப் பாட்டனார் முதுமையில் மறந்துவிட்டார், ஐயரை மறக்கவில்லை. லயத்து வாசலில் அமர்ந்து அவர் சொன்ன கதைகளே கோ. நடேசய்யரின் வரலாற்றைத் தேடும்படி என்னைத் தூண்டின.

1887இல் பிறந்த ஐயர் தஞ்சாவூர்க்காரர். அங்கே 'வர்த்தக மித்திரன்' என்னும் பத்திரிகையை நடத்தியவர். வணிகர்களின் தொடர்பாலேயே இலங்கைக்கு வந்தார். இங்கே கேள்வியுற்ற தோட்டத் தொழிலாளர் நிலையைத் தாமே காண விரும்பினார். ஆனால் துரையின் அனுமதியின்றி அந்நியர் தோட்டத்திற்குள் காலெடுத்து வைக்க இயலாத காலம் அது. ஐயர் புடவை வியாபாரி வேடம் பூண்டு, மூட்டையுடன் மலையேறினார் என்பர். சாத்திர ஆசாரம் மிகுந்த குலத்திலே தோன்றியவர் அவர் என்பதை நினைக்கையில், அந்த மூட்டையின் கனம் நமக்கு விளங்கும்.

தொழிலாளியின் கடனைத் துண்டுச் சீட்டில் எழுதி, அச்சீட்டோடு அவனைத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றும் வழக்கம் 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. கங்காணியின் பிடி அதனோடு ஒழிந்துவிடவில்லை. அப்பிடியை எதிர்த்து 'தேசநேசன்', பின்னர் 'தேசபக்தன்' ஆகிய பத்திரிகைகளில் ஐயர் அஞ்சாது எழுதினார். 1925இல் இந்தியர் பிரதிநிதியாகச் சட்டநிரூபண சபை புகுந்தார். சொத்தும் கல்வியும் உடையோரே அந்நாளில் வாக்காளர். யாருக்காக அவர் பேசினாரோ அவர்களுக்கு வாக்கில்லை.

கொழும்பிலே ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கத்தில் உபதலைவராக விளங்கினார். சிங்களத் தொழிலாளரும் இந்தியத் தொழிலாளரும் ஓரணியில் நின்ற அந்தச் சில ஆண்டுகள் நீடித்திருந்தால்! குணசிங்காவின் குரல் இந்தியருக்கு எதிராகத் திரும்பியதும் ஐயர் விலகினார். மலைநாடு சென்று 1931இல் தோட்டத் தொழிலாளருக்கெனத் தனிச் சங்கம் கண்டார். தேயிலை விலை வீழ்ந்து கூலி குறைக்கப்பட்ட கொடிய காலம் அது.

இவ்விடத்தில் மீனாட்சியம்மையாரைச் சொல்லாமல் செல்வது தகாது. ஐயரின் மனைவியாராகிய அவர், தொழிலாளர் துயரைப் பாட்டாக யாத்துக் கூட்டங்களிலே தாமே பாடினார். கல்லாத பெண்களுக்குச் சங்கம் என்னும் சொல்லை அறிமுகம் செய்தவை ஐயரின் தலையங்கங்களல்ல, அம்மையாரின் பாட்டுகளே என்பது என் துணிபு. ஐயரும் 'இராமசாமி சேர்வையின் சரிதம்' என்னும் சிறுகதை எழுதினார்.

சர்வஜன வாக்குரிமை 1931இல் வந்தது. 1936இல் அட்டன் மக்கள் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பினர். ஐயருக்குக் குறைகளும் இருந்தன. பிறரோடு இணைந்து செல்லும் பொறுமை அவருக்குக் குறைவு. 1939இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் தோன்றியபின் அவரது சங்கம் தேய்ந்தது. 1947 பொதுத்தேர்தலில் மஸ்கெலியாவிலே தோற்றார். அதே ஆண்டு நவம்பரில் காலமானார்.

மறு ஆண்டில் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. 1952இல் மீண்டும் பொதுத்தேர்தல் வந்தபோது, பாட்டனாரின் பெயர் வாக்காளர் இடாப்பில் இல்லை. அன்றும் அவர் வழக்கம்போல் மலைக்கு வேலைக்குப் போனாராம்.