திருமுடிக்காரியின் மக்களைக் காத்த கொடை

வெள்ளிமலையும் நம் திருநறுங்கொண்டையும் அடங்கிய இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், பெண்ணையாற்றங்கரையில் அமைந்த திருக்கோவலூர் சங்க காலத்தில் மலையமான்களின் தலைநகராய் விளங்கியது. முள்ளூர் மலைக்கும் உரியவனாய் அங்கிருந்து ஆண்டவன் மலையமான் திருமுடிக்காரி. சிறுபாணாற்றுப்படை எண்ணும் வள்ளல்கள் எழுவருள் அவனும் ஒருவன்.

காரியின் வாள்வலியை வேண்டி மூவேந்தரும் பொருள் விடுத்தனர். வந்த பொருள் அவன் கருவூலத்தில் தங்கவில்லை. இரவலர் கைக்கே சென்றது. நாட்டையும் பிறர்க்கே உரிமையாக்கினான். கற்புடைய மனைவியின் தோள் ஒன்றே அவன் தனதெனக் கருதிய செல்வம் என்று கபிலர் பாடினார். மது மயக்கத்தில் தேரை வழங்குவது எவர்க்கும் எளிது. காரியோ தெளிந்த அறிவோடு வழங்கினான். ஆயினும் கபிலர் அவனுக்கு ஒரு குறையும் சுட்டினார்: கொடுப்பது எளிது, பெறுவோர் தகுதியறிந்து கொடுப்பதே அரிது என்றார். அறக்கட்டளை நடத்துவோர் நன்கறிந்த இடர் அது.

அவன் வாழ்வில் மாசில்லாமல் இல்லை. தன்னைப்போன்றே வள்ளலான ஓரியைக் கொன்று, கொல்லிமலையைச் சேரனுக்கு அளித்தான். கொல்லாமையைத் தலையாய அறமாகப் போற்றும் நாம் இதனை மறைக்க வேண்டுவதில்லை. கோவலூரை அதியமான் நெடுமான் அஞ்சி வென்றான். அவ்வதியமான் துறவியர்க்குப் பள்ளி அளித்த செய்தி, திருக்கோவலூரை அடுத்த சம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டில் உள்ளது. வென்றவனும் ஈந்தே பெயர் நாட்டினான்.

கொடையின் பயன் விளங்கியது வேறோர் இடத்தில். மலையமானின் மக்களைச் சோழன் கிள்ளிவளவன் யானையின் காலிலிட முற்பட்டான். அவர்களைக் காரியின் மக்கள் எனக் கொள்வது மரபு. மிகச் சிறிய பிள்ளைகள். யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்து, புதியதான அந்த மன்றத்தை மருண்டு நோக்கினர். அப்போது கோவூர் கிழார் குறுக்கிட்டார். புறாவின் துயர் தீர்த்தவன் வழிவந்தவன் நீ என்று சோழனுக்கு நினைவூட்டினார். இவர்களோ, புலவரின் வறுமைக்கு அஞ்சித் தம் உணவைப் பகிர்ந்துண்ணும் குடியினர் என்றார். வேறு வழக்கு எதுவும் அவர் உரைக்கவில்லை. பிள்ளைகள் உயிர் பிழைத்தனர்.

ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் என நம் முன்னோர் வகுத்த நால்வகைத் தானங்களுள், அக்குடி அளித்தது ஆகாரம். அதன் பிள்ளைகள் பெற்றது அபயம். காரியைப் புகழ்ந்து கோவூர் கிழார் பாடிய பாட்டு ஒன்றும் நமக்குக் கிடைக்கவில்லை. பரிசில் பெற்றவர் வந்து கடன் தீர்த்த கதையாக இது தோன்றவில்லை. கொடுத்தவன் வாயிலில் நில்லாத ஒருவர் நாவிலும் அக்கொடை நின்றது.

மாறோக்கத்து நப்பசலையார் பாடிய மலையமான் ஒருவனின் பெயர் சோழிய ஏனாதி திருக்கண்ணன். ஏனாதி என்பது படைத்தலைவர்க்கு வேந்தர் சூட்டும் பட்டம்.