கல்லும் கலையும் கற்றவர்

கலை அறிஞராக உலகம் போற்றும் ஆனந்த குமாரசாமி, முதலில் நிலவியல் அறிஞராக விளங்கியவர். 1877இல் கொழும்பில் பிறந்தார். தந்தை சர் முத்து குமாரசாமி தமிழர், தாயார் ஆங்கிலேயர். இரண்டு வயதிலேயே தந்தையை இழந்தவர், இங்கிலாந்தில் வளர்ந்து, இலண்டனில் நிலவியலும் தாவரவியலும் பயின்றார்.

1903இல் இலங்கைக் கனிம ஆய்வுத் துறையின் இயக்குநரானார். அங்கு இரத்தினக் கற்களுக்காக ஆற்று மணலை அரிப்பார்கள். இலேசான மணலை நீர் அடித்துச் செல்லும். கனமான கனிமங்கள் அடியில் தங்கும். மலேசியாவில் கோலா சிலாங்கூர் மாவட்டத்துப் பெஸ்தாரி ஜெயா ஈயச் சுரங்கங்களிலும் இந்த அடிப்படையிலேயே ஈயம் பிரிக்கப்பட்டது. இலங்கையில் அவ்வாறு தங்கிய கறுப்புநிறக் கனசதுரப் படிகங்கள் குமாரசாமியின் கவனத்தை ஈர்த்தன. 1904இல் அவை 'தோரியனைட்' எனும் புதிய கனிமம் என அறியப்பட்டன. கதிரியக்கம் கொண்ட தோரியம் அதில் மிகுதி.

ஆய்வுப் பயணங்களில் அவர் வேறொன்றையும் கண்டார். இறக்குமதிப் பொருள்களின் வரவால் சிற்றூர்க் கைவினைஞர்கள் தொழிலிழந்து வாடினர். பாறை பல கோடி ஆண்டுகள் நிலைத்திருக்கும். கைவினையோ, கற்பவர் இல்லையெனில் ஒரே தலைமுறையில் அழியும். இதனை உணர்ந்தவர், பதவியிலிருந்து விலகிக் கலை ஆய்வில் ஈடுபட்டார். 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலை வெளியிட்டார். 1917 முதல் அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றி, 1947இல் மறைந்தார்.

பாறைகளை நுணுகிப் பார்த்த அதே கண்களால், மறையவிருந்த கலைகளின் மதிப்பையும் அவர் உலகுக்கு உணர்த்தினார்.