திருகையும் தோல்பையும்

 

ஃபாத்திமா (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 2-ல் அலீ (ரலி) அவர்களை மணந்து, வேலையாள் இல்லாத வீட்டுக்கு வந்தார்கள். திருகை சுற்றிச் சுற்றிக் கை காய்த்துப் போனது. தண்ணீர் இறைத்து அலீ (ரலி) அவர்களுக்கு நெஞ்சு வலித்தது. ஆக, கணவரும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. இதை ஆண்கள் கவனிக்க வேண்டும்.

நபி (ஸல்) அவர்களிடம் போர்க்கைதிகள் கொண்டுவரப்பட்ட சமயம், உதவிக்கு ஒருவரைக் கேட்டு வருமாறு அலீ (ரலி) மனைவியை அனுப்பினார்கள். போனார்கள். வெட்கம் தடுத்தது. ஸலாம் மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார்கள். பெற்ற தகப்பனிடமே வாய் வரவில்லை! பகலெல்லாம் பீங்கான் பட்டறையில் நின்றுவிட்டு, வந்ததும் அடுப்படியில் நிற்கும் நம் விருத்தாசலத்துப் பெண்களுக்கு இது புரியும். பிறகு இருவரும் சேர்ந்து போய்க் கேட்டார்கள்.

ஆள் கிடைக்கவில்லை. பள்ளித் திண்ணையில் பட்டினி கிடந்த தோழர்களுக்கே முன்னுரிமை என்று நபியவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆனால் கேட்டதற்காகக் கடிந்துகொள்ளவில்லை. இரவில் தாமே மகள் வீட்டுக்கு வந்தார்கள். தலையை மூடினால் கால் தெரியும் போர்வை அது. எழ முயன்ற இருவரையும் தடுத்து, உறங்குமுன் ஸுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 முறை ஓதக் கற்றுக்கொடுத்தார்கள்.

சிலர் இதைக் காட்டி, உதவி கேட்கும் பெண்ணின் வாயை அடைக்கிறார்கள். அது தவறு. அந்த திக்ரு இருவருக்கும் சேர்த்துச் சொல்லப்பட்டது. ஃபாத்திமா (ரலி) ஹிஜ்ரி 11-ல் மறைந்த பின்பும் அலீ (ரலி) அதை விடவில்லை. ஸிஃப்பீன் போர் இரவிலும் ஓதினார்கள்.