டார்க் அகாடெமியா ரசிகரா நீங்க? அப்போ ஷார்லட் பிராண்டே கதையைத் தெரிஞ்சுக்கோங்க!

பழைய கட்டடத்துல ஒரு ஸ்கூல், மெழுகுவத்தி வெளிச்சம், யாரும் போகாத மாடி அறை, சிடுசிடுன்னு பாடம் நடத்துற ஒரு புரொபசர், அவர்மேல மனசை விட்டுட்டு வெளியே சொல்ல முடியாம தவிக்கிற ஹீரோயின்... ரீல்ஸ்ல கொண்டாடப்படுற டார்க் அகாடெமியா ரொமான்ஸ் நாவல்களோட ரெசிப்பி இதுதானே? இதையெல்லாம் 1853-லேயே 'வில்லெட்' நாவலில் எழுதிவிட்டார் ஷார்லட் பிராண்டே. கன்னியாஸ்திரி ஆவி வரைக்கும் அதில் உண்டு!

'ஜேன் ஐர்' எழுதியவர் என்றால் சட்டென்று தெரியும். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் 1816-ல் பிறந்தவர். அப்பா பாதிரியார். ஹாவர்த் ஊரில் அவர்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் எதிரே கல்லறைத் தோட்டம். காத்திக் கதை எழுத வேற என்ன வேணும்?

5 வயதில் அம்மா இறந்தார். 8 வயதில் அக்காக்களோடு ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். குளிர், அரைகுறைச் சாப்பாடு, நோய். 1825-ல் அக்காக்கள் மரியா, எலிசபெத் இருவருமே காசநோயில் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். 'ஜேன் ஐர்' நாவலில் வரும் கொடுமையான லோவுட் பள்ளி இதுதான்.

20 வயதில் தன் கவிதைகளை அரசவைக் கவிஞர் ராபர்ட் சௌதிக்கு அனுப்பினார். இலக்கியமெல்லாம் பெண்களுக்கான வேலை இல்லை என்கிற மாதிரி பதில் வந்தது. நல்லவேளை, ஷார்லட் நிறுத்தவில்லை.

1842-ல் சொந்தமாகப் பள்ளி தொடங்கும் கனவோடு, பிரெஞ்சு கற்கத் தங்கை எமிலியுடன் பிரஸ்ஸல்ஸ் போனார். அங்கேதான் கான்ஸ்டன்டின் ஹெகர் வந்தார். இலக்கிய ஆசிரியர், பயங்கரக் கோபக்காரர், ஆனால் கட்டுரையை வரி வரியாகத் திருத்தி, எழுத்தை எப்படிச் செதுக்குவது என்று காட்டியவர். ஷார்லட்டின் அறிவை மதித்து அவ்வளவு தீவிரமாகப் பேசிய முதல் ஆண் அவராகத்தான் இருக்க வேண்டும். பிரச்னை என்னன்னா, அவருக்குக் கல்யாணமாகிக் குழந்தைகளும் இருந்தார்கள். பள்ளியை நடத்தியதே அவர் மனைவிதான்.

அடுத்த வருஷம் ஷார்லட் மட்டும் திரும்பிப்போனார். கோடை விடுமுறையில் காலியான விடுதியில் தனியாகக் கிடந்தார். ஒருநாள் தாங்க முடியாமல், புராட்டஸ்டன்ட் பாதிரியார் மகளான அவர், கத்தோலிக்க தேவாலயத்துக்குள் போய் பாவமன்னிப்புக் கூண்டில் மண்டியிட்டார். இந்தக் காட்சி அப்படியே 'வில்லெட்'டில் இருக்கிறது.

1844 ஜனவரியில் ஊர் திரும்பியவர், ஹெகருக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். ஆறு மாசத்துக்கு ஒருமுறைதான் எழுதலாம் என்று கண்டிஷன் வந்தது. பதில் கடிதத்துக்காக நாள்களை எண்ணியபடி தூக்கமில்லாமல் தவித்தார். ப்ளூ டிக் விழுந்தும் ரிப்ளை வராத வலி நமக்குத் தெரியும்தானே? அதுல மாசக்கணக்கைச் சேர்த்துக்கோங்க. பள்ளிக் கனவும் அதே வருஷம் உடைந்தது. ஒரு மாணவிகூடச் சேரவில்லை.

1845 நவம்பருக்குப் பிறகு எழுதிய கடிதம் எதுவும் கிடைக்கவில்லை. அந்த ஏக்கமெல்லாம் நாவலுக்குள் போயிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. 1847-ல் கரர் பெல் என்ற புனைபெயரில் 'ஜேன் ஐர்' வந்து லண்டனையே கலக்கியது. சந்தோஷம் நீடிக்கவில்லை. 1848 செப்டம்பரில் தம்பி பிரான்வெல், டிசம்பரில் எமிலி, அடுத்த மே மாதம் ஆன். எட்டே மாதங்களில் மூவரும் போய்விட்டார்கள். அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்துதான் 'வில்லெட்' எழுதினார். 1854-ல் அப்பாவின் உதவிப் பாதிரியார் ஆர்தர் பெல் நிக்கல்ஸைத் திருமணம் செய்தார். ஒன்பது மாதங்களில், கர்ப்பிணியாக, 38 வயதில் மறைந்தார்.

1857-ல் அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிய தோழி எலிசபெத் கேஸ்கல், பிரஸ்ஸல்ஸ் போய் ஹெகரையே சந்தித்தவர். ஆனாலும் இந்தக் காதலை மறைத்துவிட்டார். 1913-ல் ஹெகரின் பிள்ளைகள் நான்கு கடிதங்களை பிரிட்டிஷ் மியூசியத்திடம் கொடுத்தபோதுதான் உலகத்துக்கே விஷயம் தெரிந்தது. ஹெகர் கிழித்துப்போட்ட துண்டுகளைப் பொறுக்கி, ஊசி நூலால் தைத்து வைத்திருந்தவர் அவர் மனைவி! கிழிபடாத ஒரு கடிதத்தின் ஓரத்தில், செருப்புத் தைப்பவரின் முகவரியைக் கிறுக்கி வைத்திருந்தார் ஹெகர்.