துருத்தியில் பிறந்த விமானம்



ஆண்டு மலருக்கு ஒரு சாதனையாளரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி கேட்டார்கள். எடிசன், சர் சி.வி.ராமன், நம்ம ஜி.டி.நாயுடு என்று எல்லோரைப் பற்றியும் நிறையப் படித்துவிட்டோம். அதனால் நம்மைப் போலவே பட்டறையில் கையெல்லாம் அழுக்காகி வளர்ந்த ஒருவரை நான் தேர்ந்தெடுத்தேன். அவர் பெயர் எட்வின் லிங்க். இன்று கம்ப்யூட்டர் முன்னால் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு விமானம் ஓட்டுகிறோமே, அந்த வித்தைக்கெல்லாம் தாத்தா இவர்தான்!

1904 ஜூலை 26-ஆம் தேதி அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பிறந்தார். 1910-இல் அவரது குடும்பம் நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே நொடித்துப்போன ஒரு இசைக்கருவித் தொழிற்சாலையை அப்பா வாங்கினார். தானாக வாசிக்கும் பியானோவும், ஊமைப்படக் காலத்து சினிமா கொட்டகைகளுக்கான ஆர்கனும் அங்கே தயாராயின. எல்லாமே காற்றில் இயங்குபவை. துருத்தி, வால்வு, காற்றுக் குழாய் இவைதான் சிறுவன் லிங்கின் விளையாட்டுச் சாமான்கள்.

1920-இல், பதினாறு வயதில், முதல் விமானப் பாடம். ஒரு மணி நேரத்துக்கு 50 டாலர்! விமானம் குட்டிக்கரணம் எல்லாம் போட்டது. ஆனால் பையனைக் கட்டுப்பாட்டுக் கருவியைத் தொடவே விடவில்லை. பணமும் போச்சு, பாடமும் இல்லை. இருந்தாலும் ஆசை விடவில்லை. விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, 1927-இல் செஸ்னா கம்பெனி விற்ற முதல் விமானத்துக்கே சொந்தக்காரரானார். பறக்கக் கற்பதற்கு ஏன் இவ்வளவு செலவும் ஆபத்தும்? தரையில் உட்கார்ந்தபடியே கையைப் பழக்க முடியாதா? இந்தக் கேள்வி மட்டும் அவரைக் குடைந்துகொண்டே இருந்தது.

விடை அப்பாவின் தொழிற்சாலைக்குள்ளேயே கிடந்தது. நம்ம ஊர்த் திருவிழாவில் விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம் பார்த்திருப்பீங்க. மேடை ஓரத்தில் ஹார்மோனியக்காரர் ஒரு கையால் துருத்தியை அமுக்கிக்கொண்டே இருப்பாரே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். காற்றை உறிஞ்சினால் துருத்தி சுருங்கும். காற்றை உள்ளே விட்டால் விரியும். தொழிற்சாலையின் அடித்தளத்தில் ஒன்றரை வருடம் உழைத்து, குட்டி விமானம் போன்ற ஒரு பெட்டியைச் செய்தார் லிங்க். அடியில் ஒரு யுனிவர்சல் ஜாயிண்ட், அதைச் சுற்றி நாலு துருத்திகள். உள்ளே இருப்பவர் குச்சியை முன்னே தள்ளினால் வால்வு திறந்து பெட்டியின் மூக்கு தாழும்; பக்கவாட்டில் சாய்த்தால் பெட்டியும் சாயும். லாரியின் புரொப்பெல்லர் ஷாஃப்டில் நாம் பார்க்கிற அதே யுனிவர்சல் ஜாயிண்ட்தான்!

இதன் அருமை எனக்குப் புரிந்ததற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து ஃப்ளைட் சிமுலேட்டருக்கு ஒரு ஜாய்ஸ்டிக் செய்தோம். புதுக்கோட்டை பழைய இரும்புக்கடையில் வாங்கிய பட்டையை வளைத்து, ஒரு சட்டத்துக்குள் இன்னொரு சட்டமாகப் பொருத்தினோம். இதற்கு கிம்பல் என்று பெயர். வெளிச்சட்டம் முன்னும் பின்னும் ஆடும், உள்சட்டம் இடமும் வலமும் ஆடும். நாலு பேரிங், குச்சியை நடுவுக்கு இழுக்க ஸ்பிரிங், கோணத்தை அளக்க இரண்டு பொட்டென்ஷியோ மீட்டர். அவ்வளவுதான் சாமான். ஆனால் சூட்சுமம் அளவில் இருக்கிறது. இரண்டு அச்சும் சரியாக 90 டிகிரியில், ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். பேரிங்கில் மயிரிழை ஆட்டம் இருந்தாலும் கை அசையும், திரையில் விமானம் அசையாது. நாங்கள் உள்ளங்கை அளவில் செய்ததை லிங்க் ஆள் உட்காரும் அளவில் செய்தார். அதுவும் கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில்!

1929-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1931-இல் கிடைத்தது. ஆனால் வாங்க ஆள் வேண்டுமே? பேசும் படம் வந்து ஆர்கன் தொழில் படுத்துவிட்டது. நாடெங்கும் பொருளாதார மந்தம். கேளிக்கைப் பூங்காக்காரர்கள்தான் வாங்கினார்கள். காசு போட்டால் ஆடும் ராட்டினம் மாதிரி ஆகிவிட்டது அவர் கருவி. அதைப் பாடம் சொல்லும் இயந்திரமாகப் பார்க்க ராணுவத்துக்குக் கண் இல்லை.

அந்தக் கண்ணைத் திறந்தது மரணங்கள்தான் என்பதுதான் இந்தக் கதையின் வேதனை. 1934 பிப்ரவரியில் விமானத் தபால் வேலை அமெரிக்க ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டது. கடும் பனிக்காலம். மேகத்துக்குள் புகுந்தால் அடிவானம் தெரியாது. உடம்பு சாய்ந்திருந்தாலும் நேராக இருப்பதாகவே காதுக்குள் உள்ள சமநிலை உறுப்பு சொல்லும். அளவுமானியை நம்பிப் பறக்க அந்த விமானிகளுக்குப் போதிய பயிற்சி இல்லை. சில வாரங்களுக்குள் சுமார் ஒரு டஜன் பேர் மாண்டார்கள்.

அப்போதுதான் லிங்குக்கு அழைப்பு வந்தது. நியூவார்க் விமான நிலையத்தில் அதிகாரிகள் காத்திருந்தார்கள். ஒரே மூடுபனி. இனி வரமாட்டார் என்று அவர்கள் கிளம்பும் நேரத்தில், அளவுமானிகளை மட்டும் பார்த்துப் பறந்து வந்து பத்திரமாக இறங்கினார் லிங்க்! அதைவிட வேறு சாட்சி வேண்டுமா? ஒன்று 3,500 டாலர் வீதம் ஆறு கருவிகளுக்கு ஆர்டர் கிடைத்தது.

கருவியின் மூடியைச் சாத்திவிட்டால் உள்ளே இருட்டு, அளவுமானிகள் மட்டும்தான் துணை. வெளியே ஆசிரியரின் மேசையில் மூன்று சக்கரமுள்ள ஒரு சின்ன வண்டி, மாணவன் பறந்த பாதையை மையால் வரைபடத்தில் கோடு போட்டுக்கொண்டே போகும். அதற்கு நண்டு என்றே பெயர் வைத்திருந்தார்கள்! இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கருவிகள் தயாராகி, ஐந்து லட்சத்துக்கும் அதிகமான வீரர்கள் அவற்றில் பழகினார்கள். தவறு செய்தவன் வரைபடத்தில் விழுந்தான், வயலில் விழவில்லை.

1954-இல் கம்பெனியை விற்றுவிட்டு, வானத்திலிருந்து கடலுக்குத் திரும்பினார். 1962-இல் அவர் வடிவமைத்த உருளைக்குள் ராபர்ட் ஸ்டெனுய் என்ற வீரர் 200 அடி ஆழத்தில் ஒரு நாள் முழுக்க இருந்தார். ஆனால் 1973 ஜூனில், லிங்க் உருவாக்கிய சிறு நீர்மூழ்கி ஃபுளோரிடா அருகே மூழ்கிய கப்பலின் சிதைவில் சிக்கிக்கொண்டது. அதில் இருந்த அவருடைய மகன் கிளேட்டனும், ஆல்பர்ட் ஸ்டோவரும் இறந்துபோனார்கள். எந்தத் தகப்பனும் இடிந்து உட்கார்ந்துவிடுவான். லிங்க் என்ன செய்தார் தெரியுமா? அப்படிச் சிக்கிக்கொண்டவர்களை மீட்பதற்கென்றே, ஆள் இல்லாமல் இயங்கும் ஒரு கருவியை வடிவமைத்தார்! 1981 செப்டம்பர் 7-ஆம் தேதி அவர் காலமானார்.

தோழர்களே, அவர் பயன்படுத்திய துருத்தியும் வால்வும் அந்தத் தொழிற்சாலையில் எல்லோர் கண்ணிலும் பட்டவைதான். ஆர்கனுக்கு மட்டுமே ஆகும் என்று மற்றவர்கள் நினைத்ததை, ஒரு உயிரைக் காக்க ஆகுமா என்று அவர் பார்த்தார். நம் பணிமனையின் மூலையிலும் இரும்புப் பட்டையும் தேய்ந்த பேரிங்கும் கிடக்கின்றன. நண்பன் ஒருவன் அவற்றில் எதையாவது செய்துகொண்டு வந்தால், விளையாட்டுச் சாமான் என்று சிரித்துவிடாதீர்கள். ஒரு நிமிடம் உட்கார்ந்து கையில் பிடித்துப் பாருங்கள். 1934-க்கு முன்பே லிங்கின் கருவியை ராணுவத்தில் யாராவது அப்படிப் பிடித்துப் பார்த்திருந்தால், அந்த விமானிகளில் சிலராவது வீடு திரும்பியிருப்பார்கள்.

– மூன்றாமாண்டு, இயந்திரவியல் பிரிவு